மாநில அரசின் அமைப்பும் அதன் யாப்பு மூலங்களும்: இந்திய அனுபவம் பற்றிய ஒரு நோக்கு

அரசாங்க முறைகளை ஆராய்வோர் பெரும்பாலும் மத்திய அரசையே தமது ஆய்வுப் பொருளாகக் கொள்வர். ஆயின், இந்தியா போன்றதொரு நாட்டில் சாதாரண குடிமகன் நாளாந்தம் எதிர்கொள்ளும் அரசு மாநில அரசேயாகும். நிலம், பொலிஸ், பொதுச் சுகாதாரம், விவசாயம், உள்ளூராட்சி என்பன அதன் பொறுப்பிலேயே உள்ளன. இவ்வரசை மேலெழுந்தவாரியாக நோக்குவோருக்கு அது பாராளுமன்ற ஜனநாயகத்தின் சிறியதொரு வடிவமாகத் தோன்றும். ஆழ்ந்து நோக்கின், வேறுபட்ட தோற்றுவாய்களைக் கொண்ட இரு அதிகார மரபுகள் அதனுள் ஒருங்கே இயங்குவதைக் காணலாம். ஒன்று, மக்களின் தெரிவிலிருந்து பிறப்பது. மற்றையது, குடியேற்ற ஆட்சியின் ஆளுநர் பதவியிலிருந்து வழிவந்தது. இவ்விரண்டுக்குமிடையிலான முரண்பாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் அமைப்பினை நோக்குவோம். இந்திய அரசியலமைப்பின் 154ஆம் உறுப்புரை மாநிலத்தின் நிறைவேற்று அதிகாரத்தை ஆளுநரிடம் ஒப்படைக்கின்றது. 163ஆம் உறுப்புரை, முதலமைச்சரைத் தலைவராகக் கொண்ட அமைச்சரவை அவருக்கு உதவியும் ஆலோசனையும் வழங்கும் என்கிறது. 164ஆம் உறுப்புரையின்படி அமைச்சரவை சட்டசபைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது. சட்டசபையோ நேரடித் தேர்தல் மூலம் தெரியப்படும், பொதுவாக அறுபதுக்குக் குறையாத, ஐந்நூறுக்கு மேற்படாத உறுப்பினரைக் கொண்டது. சில மாநிலங்களில் மேற்சபையும் உண்டு. தமிழ்நாட்டிலிருந்த மேற்சபை 1986இல் ஒழிக்கப்பட்டது. அமைச்சரவையின் கீழ்ப் பிரதம செயலாளரின் தலைமையில் தலைமைச் செயலகமும், அதன் கீழ்த் திணைக்களங்களும், மாவட்டந்தோறும் கலெக்டரும் உள்ளனர். மிக உயர்ந்த நிர்வாகப் பதவிகளை வகிப்போர் பெரும்பாலும் 312ஆம் உறுப்புரையின் கீழ் அமைந்த அகில இந்திய சேவையைச் சேர்ந்தோராவர். அவர்கள் மாநில அரசின் கீழ்க் கடமையாற்றினும் அவர்களைத் தெரிவுசெய்து நியமிப்பது மத்திய அரசேயாகும்.

இவ்வமைப்பு 1950இல் புதிதாகத் தோன்றியதன்று. 1833ஆம் ஆண்டின் பட்டயச் சட்டம் சட்டமியற்றும் அதிகாரத்தைக் கல்கத்தாவில் குவித்தது. 1861ஆம் ஆண்டின் சட்டம் அதில் ஒரு பகுதியைச் சென்னைக்கும் பம்பாய்க்கும் மீள வழங்கிற்று. 1919ஆம் ஆண்டுச் சட்டம் 'இரட்டையாட்சி' எனும் விசித்திரமான முறையைக் கொணர்ந்தது. கல்வி, சுகாதாரம், உள்ளூராட்சி முதலியன சட்டசபைக்குப் பொறுப்பான இந்திய அமைச்சர்களிடம் விடப்பட்டன. நிதி, நிலவரி, பொலிஸ் ஆகியன ஆளுநரின் கையிலேயே ஒதுக்கி வைக்கப்பட்டன. செலவு செய்யும் பொறுப்பு ஒருவருக்கும் பணப்பெட்டியின் திறப்பு வேறொருவருக்குமாக அமைந்த இம்முறை நீடித்து நிலைக்காததில் வியப்பில்லை.

இன்றைய மாநில அரசின் உண்மையான முன்வடிவம் 1935ஆம் ஆண்டின் இந்திய அரசாங்கச் சட்டமாகும். மத்தி, மாகாணம், பொது என்ற மூன்று அதிகாரப் பட்டியல்கள் அச்சட்டத்திலிருந்தே பெறப்பட்டன. 1937 ஏப்ரல் முதலாம் திகதி மாகாணத் தன்னாட்சி நடைமுறைக்கு வந்தது. ஆயின் ஆளுநருக்கு விசேட பொறுப்புக்களும் தற்றுணிபு அதிகாரங்களும் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, யாப்பு முறைப்படி ஆட்சி நடத்த இயலாதெனக் கருதின் முழு நிர்வாகத்தையும் தாமே பொறுப்பேற்க 93ஆம் பிரிவு அவருக்கு இடமளித்தது. தம்மைக் கலந்தாலோசியாது இந்தியா யுத்தத்தில் ஈடுபடுத்தப்பட்டதை எதிர்த்துக் காங்கிரஸ் அமைச்சரவைகள் 1939இல் பதவி துறந்தபோது, சென்னை உட்படப் பல மாகாணங்களில் அப்பிரிவு பயன்படுத்தப்பட்டது.

விடுதலைப் போராட்டத்தினர் கடுமையாகக் கண்டித்த இவ்வேற்பாடுகள் சுதந்திர இந்தியாவின் யாப்பில் எவ்வாறு இடம்பெற்றன? ஆளுநரை மக்களே தெரிவுசெய்ய வேண்டுமென்ற யோசனை அரசியல் நிர்ணய சபையின் முன்னிருந்தது. ஆனால் 1949இல் அது கைவிடப்பட்டு, ஜனாதிபதியால் நியமிக்கப்படும் ஆளுநர் பதவியே ஏற்கப்பட்டது. தேசப் பிரிவினையும், அதனையொட்டிய கலவரங்களும், சுதேச சமஸ்தானங்களின் இணைப்பும் வலுவான மத்தியை நாடச் செய்தன என்பது ஒரு காரணம். மக்களால் தெரியப்பட்ட ஆளுநர் முதலமைச்சருக்குப் போட்டியாவார் என்பது மற்றொன்று. இவை நியாயமான கவலைகளே. எனினும் 93ஆம் பிரிவு 356ஆம் உறுப்புரையாக மறுபிறவி எடுத்ததையும், ஆளுநரின் இடத்தில் அதிகாரம் பெற்றது மத்திய அரசே என்பதையும் மறுத்தற்கியலாது.

இதன் விளைவு விரைவிலேயே புலனாயிற்று. 1957இல் கேரளத்தில் ஈ. எம். எஸ். நம்பூதிரிப்பாட்டின் தலைமையில் கம்யூனிஸ்ட் அரசு தேர்தல் மூலம் பதவியேற்றது. கல்வித்துறையிலும் நில உறவுகளிலும் அது மேற்கொண்ட சீர்திருத்தங்கள் வலுவான நலன்களைத் தொட்டன, எதிர்ப்பியக்கமும் மூண்டது. 1959 ஜூலை 31ஆந் திகதி, சட்டசபையில் பெரும்பான்மையை இழக்காத நிலையிலேயே அவ்வரசு நீக்கப்பட்டது. சமூக அடித்தளத்தை மாற்ற முனையும் ஒரு மாநில அரசின் எல்லை எதுவென்பதை இந்நிகழ்ச்சி காட்டிற்று. தமிழ்நாடு அரசு 1969இல் நியமித்த இராஜமன்னார் குழு முதல், மத்திய அரசு 1983இல் நியமித்த சர்க்காரியா ஆணைக்குழு வரை பல ஆய்வுகள் இப்பிரச்சினையை ஆராய்ந்தன. ஈற்றில் 1994இல் பொம்மை வழக்கின் தீர்ப்பு, அரசின் பெரும்பான்மை சட்டசபையிலேயே பரீட்சிக்கப்பட வேண்டுமெனவும், 356ஆம் உறுப்புரையின் பிரகடனம் நீதிமன்றப் பரிசீலனைக்குட்பட்டதெனவும் நிலைநாட்டியது. அதன்பின் அவ்வுறுப்புரையின் பிரயோகம் வெகுவாகக் குறைந்தது.

எனினும் முரண்பாடு தீர்ந்துவிடவில்லை. அது வேறு களங்களுக்கு நகர்ந்தது. 200ஆம் உறுப்புரையின் கீழ்ச் சட்டமூலங்களுக்கு அங்கீகாரம் வழங்குவது அத்தகைய ஒரு களம். தமிழ்நாட்டுச் சட்டசபை மீளவும் நிறைவேற்றி அனுப்பிய பத்துச் சட்டமூலங்கள் அங்கீகாரம் பெற்றனவாகக் கொள்ளப்படும் என உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பரில், ஜனாதிபதியின் வினாக்களுக்கு விடையளித்த ஐவர் கொண்ட ஆயம், நீதிமன்றம் காலவரையறை விதிக்கவோ அங்கீகாரம் கிடைத்ததாகக் கொள்ளவோ இயலாதெனக் கருத்துரைத்தது. நிதி மற்றொரு களம். 2017இல் நடைமுறைக்கு வந்த பொருள் சேவை வரி, மாநிலங்களின் பிரதான வருவாயான விற்பனை வரியின் பெரும்பகுதியை உள்வாங்கிக்கொண்டது. அவ்வரி பற்றித் தீர்மானிக்கும் மன்றத்தில் மத்திக்கு மூன்றிலொரு பங்கு வாக்குண்டு. தீர்மானத்துக்கு நான்கில் மூன்று பங்கு வேண்டும். எனவே எல்லா மாநிலங்களும் ஒன்றிணையினும் மத்தியின் இசைவின்றி எதனையும் தீர்மானிக்க முடியாது. மாநிலத்தின் இருப்பே கூட உறுதியானதன்று. 3ஆம் உறுப்புரையின்படி பாராளுமன்றம் சாதாரண பெரும்பான்மையால் மாநிலங்களைப் பிரிக்கவும் இணைக்கவும் முடியும். சம்பந்தப்பட்ட சட்டசபையின் கருத்துக் கோரப்படுமேயன்றி, அதன் இசைவு வேண்டியதில்லை. 2019இல் ஜம்மு காஷ்மீர் மாநிலம் இரு ஒன்றியப் பிரதேசங்களாக்கப்பட்டபோது அதன் சட்டசபை கலைக்கப்பட்டிருந்தது. அதன் கருத்தைத் தெரிவிக்கும் உரிமையையும் பாராளுமன்றமே பிரயோகித்தது.

இவை இந்தியாவுக்கு மட்டும் உரிய செய்திகளல்ல. 1987இல் இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் மாகாண சபைகளை அமைத்தபோது இந்திய மாநிலமே பெரிதும் முன்மாதிரியாயிற்று. ஆளுநர், முதலமைச்சர், அமைச்சர் சபை, மூன்று பட்டியல்கள் யாவும் அங்கிருந்து வந்தவையே. நிர்வாகம் செயலிழந்ததெனக் கருதின் தலையிடும் அதிகாரமும் 154எல் உறுப்புரையாக உடன் வந்தது. ஆயின் இந்தியாவில் அமைச்சரவைக்கு வலுவூட்டும் நீண்ட பாராளுமன்ற மரபு இங்கு உடன் வரவில்லை. ஒற்றையாட்சி யாப்பினுள், நிறைவேற்று ஜனாதிபதியின் விருப்புள்ளவரை பதவி வகிக்கும் ஆளுநர், நிதியிலும் மாகாண அரசாங்க சேவையிலும் மேலான கட்டுப்பாட்டைப் பெற்றார். அதாவது, மூலத்திலிருந்த முரண்பாடு பிரதியில் கூர்மையடைந்தது.

அதிகாரப் பகிர்வு பற்றிய விவாதங்களில் பட்டியல்களின் நீளமே பெரிதும் பேசப்படுகின்றது. எவ்விடயம் எவருக்கு என்ற வினா முக்கியமானதே. ஆயினும் இந்திய அனுபவம் அதனினும் அடிப்படையான மூன்று வினாக்களை முன்வைக்கின்றது. மக்கள் தெரிந்த அரசை நீக்கும் அதிகாரம் எவரிடம் உள்ளது? அது இயற்றும் சட்டத்தைத் தடுத்து வைக்கும் அதிகாரம் எவரிடம் உள்ளது? அதன் வருவாயைத் தீர்மானிப்பவர் எவர்? இவ்வினாக்களுக்கு விடை காணாத எந்த யாப்பும், எத்துணை நீண்ட பட்டியலைக் கொண்டிருப்பினும், மக்களுக்கு வழங்குவது ஆட்சியின் பொறுப்பையேயன்றி ஆட்சியின் அதிகாரத்தையன்று.