இரைச்சலில் பேச்சைப் பிரித்தறியும் பயிற்சி

அமைதியான அறையில் எதிரில் இருப்பவர் பேசுவதைத் தடையின்றிப் புரிந்துகொள்ளும் முதியவர் பலர், நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசும் இடத்தில் அதே குரல் காதில் விழுந்தும் சொற்களைத் தவறவிடுகின்றனர். உள்காதின் சுருள்குழலில் உள்ள மயிர்ச்செல்கள் சிதையும்போது, மெல்லிய ஒலிகள் கேளாமற் போவதோடு, நெருங்கிய அதிர்வெண்களைத் தனித்தனியே பகுத்தறியும் நுட்பமும் மழுங்கிவிடுவதால், பேச்சும் இரைச்சலும் கலந்தே மூளையைச் சென்றடைகின்றன. ஒலியைப் பெருக்கித் தரும் செவித்துணைக் கருவியால் இந்த நுட்பத்தை மீட்டுத்தர இயலாது.

பல குரல்களுள் ஒன்றைப் பிரித்தெடுப்பதில் கவனத்துக்குள்ள பங்கை 1953இல் காலின் செர்ரி என்னும் பிரிட்டிஷ் ஆய்வாளர் ஆராய்ந்தார். இரு காதுகளுக்கும் வெவ்வேறு பேச்சுகளை அளித்து, ஒன்றை மட்டும் திருப்பிச் சொல்லுமாறு அவர் பணித்தபோது, மற்றக் காதில் ஒலித்த பேச்சின் பொருளைக் கேட்போர் ஏறக்குறைய முற்றிலும் அறியாதிருந்தனர். கேட்டல் கவனத்தையும் நினைவாற்றலையும் இவ்வளவு சார்ந்திருப்பதால், அவற்றைப் பழக்கினால் பேச்சு தெளிவாகும் என்னும் எதிர்பார்ப்பே செவிப் பயிற்சிக்கு அடிப்படை.

கலிஃபோர்னியாவில் ராபர்ட் ஸ்வீட்டோ குழுவினர் வடிவமைத்து, 2006இல் ஆய்வு முடிவுகளை வெளியிட்ட கணினிப் பயிற்சி, நாளொன்றுக்கு அரை மணி நேரமாக, வாரத்துக்கு 5 நாள் வீதம் 4 வாரம் நீள்வது. பின்னணியில் பலர் பேச ஒரு தொடரைக் கேட்டுணர்வதும், விரைவுபடுத்தப்பட்ட பேச்சைப் பின்தொடர்வதும், விடுபட்ட சொல்லைச் சூழலிலிருந்து ஊகிப்பதும் அதில் அடங்கும். பேச்சின் வலிமை இரைச்சலின் வலிமையைவிட எத்தனை டெசிபல் மிகுதி என்பதைக் குறிக்கும் விகிதம், விடை சரியானால் குறைக்கப்பட்டும் தவறினால் கூட்டப்பட்டும், கேட்பவரை அவரது திறனின் எல்லையிலேயே நிறுத்திவைக்கிறது. இந்தத் தகவமைப்பே பயிற்சியின் உயிர்நாடி எனலாம்.

பயன் எவ்வளவு என்பதில் கண்டிப்பான நேர்மை தேவை. செவித்திறன் குறைந்தோரின் நம்பிக்கை அவ்வளவு எளிதில் விலைபேசப்படக் கூடாதது. பயிற்சி செய்த பணியில் முன்னேற்றம் தெளிவாகத் தெரிந்தாலும், அது அன்றாட உரையாடலுக்குப் பரவுவது அரிது. அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடம் நடத்தி 2016இல் வெளியான விரிவான சோதனையில், இதே பயிற்சியைப் பெற்றோர், ஒலிநூல்களை மட்டும் கேட்டவர்களைவிட மேம்படவில்லை. மாறாக, நுண்ணிய ஒலி மாற்றங்களைக் கேட்டவாறே கைவிரலால் வழிதேடும் விளையாட்டைக் கொண்டு பாஸ்டன் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், செவித்துணைக் கருவி அணிந்த முதியோர் கடும் இரைச்சலில் சுமார் 25 விழுக்காடு கூடுதலான சொற்களைப் புரிந்துகொண்டனர். விளையாட்டை நிறுத்திய சில வாரங்களில் அந்த ஆதாயம் மறைந்தது.