எலியைக் கொல்லலாம், பசையில் விடலாகாது

எலி பிடிக்கும் சாதனங்களுள் மலிவானதும் இலகுவானதும் பசை அட்டை எனலாம். கடின அட்டையிலோ பிளாஸ்ரிக் தட்டிலோ காய்ந்துபோகாத பசை தடவப்பட்டிருக்கும். எலி ஓடும் சுவரோரத்தில் வைத்துவிட்டால் போதும். நஞ்சு இல்லை, விரல் நசுங்கும் பயமும் இல்லை. அப்படியிருந்தும் சில நாடுகள் இதனைச் சட்டத்தால் தடை செய்துள்ளன. பயிரையும் பண்டத்தையும் அழிக்கும் எலிமீது ஏன் இந்தப் பரிவு என்று நம்மில் பலர் கேட்கக்கூடும்.

நியூசிலாந்தைப் பார்த்தால் இக்கேள்விக்கு விடை கிடைக்கும். எலிமீது பரிவு காட்டும் நாடல்ல அது. கடல்வழி வந்த மனிதரோடு அங்கு எலிகளும் வந்திறங்கி, உள்நாட்டுப் பறவைகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்று தீர்த்தன. 2001 இல் சுமார் 11,300 ஹெக்டேயர் பரப்புள்ள கம்பெல் தீவில் ஹெலிகொப்டர்களிலிருந்து நஞ்சூட்டிய இரையைத் தூவி, எலி இனத்தையே அங்கு ஒழித்தார்கள். 2050 இற்குள் நாடு முழுவதிலும் எலிகளை இல்லாமற் செய்வதென 2016 இல் அரசாங்கம் அறிவித்தது. அதே நாடுதான் எலிக்கான பசை அட்டைகளின் விற்பனையையும் பாவனையையும் 2015 ஜனவரி 1 முதல் தடை செய்தது. அமைச்சரின் அனுமதி பெற்றவர்களுக்கு மாத்திரமே விதிவிலக்கு.

எலியைக் கொல்வதை அச்சட்டம் தடுக்கவில்லை, கொல்லும் விதத்தையே தடுத்தது. பசை அட்டை எலியைக் கொல்வதில்லை, பிடித்து வைக்கிறது. விடுபடத் துடிக்கும்போது தோல் உரிகிறது, கால் முறிகிறது, மூக்கிலும் வாயிலும் பசை அடைக்கிறது. தாகத்தாலும் களைப்பாலும் மூச்சுத்திணறியும் அது சாகப் பல மணி நேரம் செல்லலாம். உடனே கொல்வதானால் வீட்டுக்காரரே கையால் அடித்துக் கொல்ல வேண்டும். அதற்கு மனம் வராமல் பலர் அட்டையோடு குப்பைத்தொட்டியில் போட்டுவிடுகிறார்கள். சிறு பறவை, பல்லி, பூனைக்குட்டி என யார் வந்து மிதித்தாலும் பசை பிடித்துக்கொள்ளும்.

பிரித்தானியாவில் முதலில் முழுத்தடை விதித்தது வேல்ஸ். அது 2023 ஒக்ரோபரில் நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்துப் பாராளுமன்றச் சட்டம் 2022 இல் நிறைவேறி, 2024 ஜூலை 31 முதல் அமுலாகிறது. அங்கு அனுமதிப்பத்திரம் பெற்ற பீடை ஒழிப்பாளர்கள் மட்டும், பொதுமக்களின் சுகாதாரத்துக்காக, வேறு வழியில்லாத இடத்தில் இதனைப் பாவிக்கலாம். எலி அகப்படக்கூடியதாக வைக்கப்பட்ட அட்டையைக் கண்டும், தகுந்த காரணமின்றி அதை அகற்றாமல் விடுபவரும் குற்றவாளியே. ஆனால் கடையில் விற்பதை அச்சட்டம் தடுக்கவில்லை. வாங்கலாம், வைக்கலாகாது என்பது விசித்திரமான ஏற்பாடுதான். இவ்விடயத்தில் நியூசிலாந்தே தெளிவாகச் செய்திருக்கிறது.

இன்னொன்றையும் மறைக்கலாகாது. குருதி உறைவதைத் தடுக்கும் எலிநஞ்சு இந்நாடுகளில் தொடர்ந்தும் பாவனையில் உண்டு. அதைத் தின்ற எலி உடனே சாவதில்லை, உள்ளே குருதி கசிந்து சில நாட்களிற் சாகிறது. அந்த எலியைப் பிடித்துத் தின்னும் ஆந்தைக்கும் நஞ்சு போகிறது. ஆகவே பசையை விட்டு நஞ்சுக்கு மாறுவதால் வதை தீர்ந்தது என்று சொல்வதற்கில்லை.

சரியாகப் பொருத்திய விசைப்பொறி நொடியிற் கொல்லும். திரும்பத் திரும்பப் பாவிக்கலாம். அதைச் சுவரோடு ஒட்டி, இரை வைக்கும் முனை சுவர்ப்பக்கம் இருக்க வைக்க வேண்டும். ஆனால் வரும் வழியை அடைக்காமல் எந்தப் பொறி வைத்தும் பயன் குறைவு. சுண்டெலிக்கு 6 மில்லிமீற்றர் இடைவெளி, அதாவது ஒரு பென்சில் நுழையும் துவாரம் போதும். சீமெந்து, தகரம், நெருக்கமான கம்பிவலை ஆகியவற்றால் அடைக்கலாம். மரமும் பிளாஸ்ரிக்கும் எலியின் பல்லுக்கு நில்லா. தானியத்தை மூடியுள்ள உலோகப் பாத்திரத்தில் வைத்து, கோழித்தீனை இரவில் வெளியே விடாதிருந்தால், வந்த எலிக்கும் அங்கு தங்க வேலையில்லை.

ஏற்கனவே வைத்த பசை அட்டையில் பல்லி போன்றவை ஒட்டிக்கொண்டால் இழுத்துப் பிடுங்க வேண்டாம். சிறிது சமையல் எண்ணெய் விட்டு மெதுவாகத் தேய்த்தால் பசை இளகும். பறவையானால் எண்ணெய் இறகைக் கெடுத்துவிடும். வெறுமையாக உள்ள பசையைக் கடதாசியால் மூடி, அட்டையோடு மிருக வைத்தியரிடம் கொண்டு செல்வது நல்லது.