விளக்கெண்ணெயை எஞ்சினில் ஊற்றலாமா?

ஆடிக் கிருத்திகை சமயத்தில் திருத்தணி மலைப்பாதையைப் பார்த்திருப்பீர்கள். ஆள் நிறைந்த வேன்கள் சின்ன கியரில் முக்கி முக்கி ஏறும். அப்போது பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே இருப்பது முடியைவிட மெல்லிய எண்ணெய்ப் படலம்தான். அது அறுந்தால் எஞ்சினை இறக்க வேண்டியதுதான்.

"செடி எண்ணெய், அதுல நானோ பவுடர், மைலேஜ் எகிறும்" என்று யாராவது சொன்னால், அதில் பாதி உண்மை உண்டு.

செடி எண்ணெய் நமக்குப் புதிதல்ல. வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த வண்டி மைதான் மாட்டுவண்டி அச்சுக்குப் போட்டது. எண்ணெயில் நுண்துகள் என்ற யோசனை அங்கேயே இருக்கிறது! முதல் உலகப்போர் விமானங்களின் எஞ்சின்களிலும் ஆமணக்கெண்ணெய் ஓடியது. 1909இல் வந்த 'காஸ்ட்ரால்' என்ற பெயரே அதன் ஆங்கிலப் பெயரிலிருந்து பிறந்ததுதான்.

ஆமணக்கு, புங்க எண்ணெய்களின் மூலக்கூறுகள் உலோகத்தை நன்றாகப் பற்றிக்கொள்ளும், சீக்கிரம் தீப்பிடிக்காது. ஆனால் சூட்டிலும் காற்றிலும் நாளாக ஆகக் கெட்டியாகிப் பிசினாகிவிடும். அதனால் வேதிமுறையில் பக்குவப்படுத்தாமல் டீசல் எஞ்சினுக்கு ஆகாது.

நானோ துகள் என்பது 100 நானோமீட்டருக்கும் சிறியது. தலைமுடியின் பருமன் சுமார் 80,000 நானோமீட்டர். டைட்டானியம் டை ஆக்சைடு, காப்பர் ஆக்சைடு போன்றவற்றைச் சேர்க்கிறார்கள். அவை குட்டி பால்ரஸ் மாதிரி உருளும், கீறல்களை நிரப்பும். ஆய்வகச் சோதனைகளில் உராய்வும் தேய்மானமும் குறைந்தது தெரிந்திருக்கிறது. சிக்கல் என்னவென்றால், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி அடியில் படிந்துவிடும். படிந்தால் ஃபில்டர் அடைக்கும், உலோகத்தையே சுரண்டவும் செய்யும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 டீசல் வண்டிகளில் புகைவடிகட்டி இருக்கும். அதற்குச் சாம்பல் குறைவாக விடும் ஆயில்தான் வேண்டும். உலோகத்தூள் சேர்ந்தால் சாம்பல் கூடும்.

ஆகவே கடையில் விற்கும் பவுடரையோ வீட்டு விளக்கெண்ணெயையோ நீங்களே ஊற்றிப் பார்க்காதீர்கள். வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் கிரேடும் தரக்குறியும்தான் கணக்கு. வேறு எதையாவது ஊற்றி எஞ்சின் போனால் வாரண்டி கிடைக்காமல் போகலாம்.

அதைவிட முக்கியம், இறக்கிய பழைய ஆயில். செடி எண்ணெயே ஆனாலும், எஞ்சினில் ஓடிய பிறகு அதில் உலோகத்தூளும் கரியும் இருக்கும். அதைச் சாக்கடையில் ஊற்றினால் மழையில் ஓடைக்குப் போகும். இந்தப் பக்கத்துத் தண்ணீர் கொசஸ்தலை ஆறு வழியாகப் பூண்டி ஏரிக்குச் சேர்வது. சென்னை குடிப்பது அதைத்தான். சென்டரிங் பலகைக்குத் தடவுவதும் நல்ல வழக்கமில்லை. 2016ஆம் ஆண்டு விதிகளின்படி கழிவு ஆயில் அபாயக் கழிவு. மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற மறுசுழற்சியாளருக்குத்தான் அது போக வேண்டும். புது ஆயில் தயாரிப்பவர்களுக்கும் 2024 ஏப்ரல் 1 முதல் இதில் பொறுப்பு உண்டு.

அடுத்த முறை ஆயில் மாற்றும்போது, "பழையதை யாருக்குக் கொடுக்கிறீங்க அண்ணே?" என்று மெக்கானிக்கைக் கேளுங்கள். வீட்டிலேயே மாற்றினால் தண்ணீரோ பெட்ரோலோ கலக்காமல், மூடியுள்ள கேனில் ஊற்றி அவரிடமே கொண்டுபோய்க் கொடுங்கள்.