கிணற்று மேட்டில் நடுங்கும் கால்கள்

விதையில்லாத் திராட்சைக்குப் பேர்போன தேனி மாவட்டத்து ஓடைப்பட்டிப் பக்கம் கோடை லீவு விட்டால் பையன்கள் தோட்டத்துக் கிணறுகளுக்குக் கிளம்பிவிடுவார்கள். படியிறங்கிக் குளிப்பவனுக்கு மதிப்பில்லை. மோட்டார் ரூம் மேலேறிக் குதிப்பவனே ஆள். ஏறிய பிறகு கால் விரல்களை விளிம்பில் மடக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பவனைப் பார்த்து, ‘பயந்தாங்கொள்ளி’ என்று கீழேயிருந்து கத்துவார்கள். அந்த நடுக்கம் கோழைத்தனம் அல்ல. உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் வேலை அது. அதைக் கேலி செய்து குதிக்க வைப்பதுதான் விபரீதம்.

தவழும்போதே வரும் பயம்

அமெரிக்க உளவியலாளர்கள் எலனார் கிப்சனும் ரிச்சர்ட் வாக்கும் 1960-ல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. பள்ளம் தெரியும்படி அமைத்த கெட்டிக் கண்ணாடியின் ஓரத்தில் குழந்தைகளை விட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து அம்மா கூப்பிடும்படி செய்தார்கள். பெரும்பாலான குழந்தைகள் பள்ளத்தின் மேல் தவழ மறுத்துவிட்டன.

பிறகு ஜோசப் கேம்போஸ் குழுவினர் கண்டது இன்னும் முக்கியம். தவழத் தொடங்காத குழந்தையை அந்தப் பள்ளத்தின் மேல் இறக்கினால் அது பயப்படுவதில்லை. தவழ்ந்து பழகிய குழந்தைக்கோ இதயத் துடிப்பு எகிறுகிறது. தானாக நகர்ந்து, முட்டி மோதிப் பழகிய பிறகே உயரத்தைப் பற்றிய எச்சரிக்கை வருகிறது. பிள்ளையை எங்கும் தனியே விடாமல் வைத்திருப்பதே பத்திரம் என்று நம்பும் பெற்றோர் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

தலை ஏன் கிறுகிறுக்கிறது?

நாம் விழாமல் நிற்பதற்குக் கண், உட்காது, கால் மூட்டு தசைகளின் உணர்வு மூன்றும் சேர்ந்து உழைக்கின்றன. உடம்பு லேசாக ஆடும்போது பக்கத்தில் இருக்கும் பொருள் நகர்வது கண்ணுக்குத் தெரியும். அதைக் கொண்டு மூளை உடம்பை நேராக்கும். மேகமலைப் பாதையின் வளைவில் நின்று பள்ளத்தாக்கைப் பார்க்கிறவருக்குப் பக்கத்தில் எதுவும் இல்லை. கண் தரும் தகவல் குறைகிறது, ஆட்டம் கூடுகிறது, கால் தளர்கிறது. அருகிலுள்ள மரத்தையோ கைப்பிடிச் சுவரையோ பார்த்தபடி உட்கார்ந்துவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். அந்த நேரத்தில் செல்ஃபி எடுக்கவே கூடாது.

ஜெர்மனியில் நடந்த ஒரு கணக்கெடுப்பில் 100 பேரில் 28 பேர் உயரத்தில் இப்படி அவதிப்படுவதாகச் சொன்னார்கள். படுக்கையில் புரண்டாலே சுற்றுகிறது என்றால் அது வேறு. காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சேக்காளிகள் கூட இருந்தால்

அமெரிக்காவில் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் இருவரும் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் கார் ஓட்டும் விளையாட்டை ஆடினார்கள். தனியாக ஆடியதைவிட நண்பர்கள் கூட இருந்தபோது அவர்கள் துணிந்த ஆபத்து மிக அதிகம். 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை.

கும்பக்கரை அருவியின் வழுக்குப் பாறையிலும் தோட்டத்துக் கிணற்றிலும் நடப்பது இதுதான். ஆழம் தெரியாத தண்ணீரில் தலைகீழாகப் பாய்ந்தால் கழுத்தெலும்பு முறிந்து, தண்டுவடம் நசுங்கி, கை கால்கள் நிரந்தரமாகச் செயலிழக்கலாம். அடிபட்டவரைத் தலையையும் காலையும் பிடித்துத் தூக்கவே கூடாது. கழுத்து அசையாமல் தாங்கிப் பிடித்தபடி, உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

படிப்படியாகப் பழகினால்

பூர்ணா மாலாவத் தெலங்கானாவின் பழங்குடிக் குடும்பத்தில் பிறந்து, அரசு உறைவிடப் பள்ளியில் வீட்டைப் பிரிந்து படித்தவர். 2014 மே 25 அன்று, 13 வயது 11 மாதத்தில் எவரெஸ்ட் உச்சியைத் தொட்டார். அந்தச் செய்தியில் பலர் கவனிக்காமல் விடுவது அதற்கு முந்தைய பயிற்சியை. முதலில் புவனகிரிக் கோட்டைப் பாறை, பிறகு டார்ஜிலிங், அதன் பின் லடாக்கின் குளிர் என்று ஒவ்வொன்றாகக் கடந்துதான் அவர் இமயத்துக்குப் போனார். பயிற்சியில் கயிறும் பயிற்சியாளரும் துணை.

உயரப் பயத்துக்கான சிகிச்சையும் இப்படித்தான். முதல் மாடியில் படபடப்பு தணியும்வரை நிற்பது, பிறகு இரண்டாம் மாடி. 2018-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 100 பேரிடம் நடத்திய சோதனையில், மெய்நிகர் கண்ணாடி அணிந்து பழகியவர்களின் பயம் சராசரியாக 68 சதவீதம் குறைந்தது.

மாடிப்படி ஏறவே தயங்கும் அளவுக்கோ, தூக்கம் கெடும் அளவுக்கோ பயம் இருந்தால், கானாவிலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். நேரில் போகத் தயங்குபவர்கள் 14416 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.