வெளிமாநில துப்பாக்கி லைசென்ஸ் சென்னையில் செல்லுமா? சட்டம் சொல்வது என்ன?

ராயபுரத்திலோ, திருவொற்றியூரிலோ ஏ.டி.எம். வாசலில் பணம் நிரப்பும் வேன் வந்து நின்றதும், துப்பாக்கியோடு ஒரு காவலாளி இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். எண்ணூர் பக்கம் பெரிய ஆலைகளின் கேட்டிலும் இப்படி ஒருவர் நிற்கலாம். அவர் வெளிமாநிலத்துக்காரர், லைசென்ஸும் சொந்த ஊரில் வாங்கியது என்றால், அது சென்னையில் செல்லுமா?

டிரைவிங் லைசென்ஸ் மாதிரி கிடையாதா?

கிடையாது. டிரைவிங் லைசென்ஸ் எந்த ஊரில் எடுத்தாலும் நாடு முழுக்க செல்லும். துப்பாக்கி கதை வேறு. 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியா முழுமைக்கும் ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு உரிமத்திலும் அது எந்தப் பகுதிக்குச் செல்லும் என்று எழுதப்பட்டிருக்கும். பெரும்பாலும் அது உரிமம் கொடுத்த மாநிலத்தோடு முடிந்துவிடும். 'இந்தியா முழுவதும்' என்ற அனுமதி வேண்டுமென்றால் அதைத் தனியாகக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

அமெரிக்காவில் எப்படி?

அங்கேயும் இதே பஞ்சாயத்துதான். ஒரு மாநிலம் கொடுக்கும் பெர்மிட்டை எல்லா மாநிலங்களும் ஏற்க வேண்டும் என்ற மசோதா 2017 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. செனட்டைத் தாண்டவில்லை. துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்வதற்கான பெர்மிட் பற்றிய மசோதா அது. நம்மூரில் 2016-ம் ஆண்டின் ஆயுத விதிகள்படி, லைசென்ஸ் இருந்தாலும் பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறையில் மூடித்தான் கொண்டு போக வேண்டும். வெளியே எடுத்துக் காட்டி மிரட்டக் கூடாது.

ஏன் இவ்வளவு கெடுபிடி?

ஜம்மு காஷ்மீரில் 2012 முதல் 2016 வரை, தகுதியில்லாத பலருக்கும் உரிமம் கொடுக்கப்பட்டதாக சி.பி.ஐ. விசாரித்தது. விசாரணை வளையத்தில் இருந்த உரிமங்கள் 2.78 லட்சத்துக்கும் மேல். 2021 செப்டம்பரில் திருவனந்தபுரத்தில், பணம் கொண்டு செல்லும் வேலையில் இருந்த ஜம்மு காஷ்மீர் காவலாளிகள் 5 பேர், போலி லைசென்ஸ் வைத்திருந்ததாகக் கைதானார்கள்.

மாட்டினால் என்ன தண்டனை?

உரிமத்தின் நிபந்தனையை மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உரிமமே இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. அபராதமும் உண்டு.

வேலைக்குச் சேரும் முன் என்ன பார்க்கணும்?

* லைசென்ஸ் செல்லுபடியாகும் பகுதியில் தமிழ்நாடு வருகிறதா?

* தனி அடையாள எண் இருக்கிறதா? தேசிய ஆயுத உரிமத் தரவுதளத்தில் பதிவாகாத உரிமம் செல்லாது.

* குடிபெயர்ந்து வந்திருந்தால், 30 நாட்களுக்குள் இங்குள்ள உரிம அதிகாரிக்குத் தெரிவித்தாச்சா? சென்னையில் அந்த அதிகாரம் போலீஸ் கமிஷனரிடம் இருக்கிறது.

* வேலை தரும் செக்யூரிட்டி நிறுவனம் தமிழ்நாட்டில் இயங்க தனி உரிமம் வாங்கியிருக்கிறதா? 2005-ம் ஆண்டு சட்டப்படி அது கட்டாயம்.

"கம்பெனி பார்த்துக்கும்" என்று விட்டுவிட முடியாது. சோதனையில் போலீஸ் முதலில் கேட்பது, துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ அவருடைய லைசென்ஸைத்தான். மாதச் சம்பளத்துக்காக ஊர் விட்டு ஊர் வந்தவர், அதில் எழுதியிருக்கும் அந்த ஒரு வரியை முன்கூட்டியே படித்துப் பார்த்துவிடுவது நல்லது.