வயதைச் சொல்லும் ஏலக்காய்

போடிநாயக்கனூரில் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு முதல் சேதியைச் சொல்வது ஏலக்காய்தான். தரம் பிரிக்கும்போது 8 மில்லிமீட்டர் காயும் 7 மில்லிமீட்டர் காயும் ஒன்றுபோலத் தெரியும். தட்டைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் தெளிவாகிவிடும். பிறகு, பிடிக்கக் கை நீளம் போதாது!

வெள்ளெழுத்து இப்படித்தான் வரும். கண்ணின் லென்ஸ் வயதாக ஆக இறுகி, அருகில் உள்ளதைக் குவிக்கும் திறனை இழக்கிறது. பெரும்பாலோருக்கு நாற்பதுகளில் இது தொடங்குகிறது.

அடுத்த சேதி, மலைத் தோட்டத்துக்குப் போகும் ஜீப்பில் வரும். அடிவாரத்து முந்தலைத் தாண்டி, மலைமேல் போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். நேற்றுவரை 'அண்ணே' என்ற ஓட்டுநர், "ஐயா, நீங்க முன்சீட்டுல உக்காருங்க" என்பார். இடம் வசதிதான்; அந்த 'ஐயா'தான் உறுத்தும்.

தோட்டச் சரிவில் முழங்கால் பேசும். ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது மூட்டு வலிக்கும். இறக்கத்தில் ஒவ்வொரு அடியிலும் உடல் எடையை முழங்கால் தடுத்து நிறுத்த வேண்டியிருப்பதே காரணம்.

ரயில் நிலையத்திலோ பேரப்பிள்ளைகள் மாட்டிவிடுவார்கள். போடியின் மீட்டர் கேஜ் ரயில் 2010 கடைசியில் நின்றது. அகல ரயில் 2023 ஜூனில்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் பிறந்த பிள்ளை, "இந்த ரயிலுக்கு முன்னாடியும் இங்க ரயில் ஓடுச்சா தாத்தா?" என்று கேட்கும்.

இவற்றில் வெள்ளெழுத்துக்குத் தீர்வு எளிது: கண் பரிசோதனையும் ஒரு வாசிப்புக் கண்ணாடியும். நாற்பதைத் தொட்டவர்கள் தள்ளிப்போடாமல் பரிசோதித்துக்கொள்வது நல்லது. கண் அழுத்த நோய் போன்றவையும் அப்போதே தெரியவரும்.