பழுது பார்த்தபின் சீராக ஓடாத நீரிறைக்கும் இயந்திரம்

வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இறைப்பு நடைபெறும் காலத்தில் நீரிறைக்கும் இயந்திரம் நின்றுவிடுமாயின், கமக்காரர் அதனைத் தாமே கழற்றிச் சுத்தம் செய்ய முற்படுவது இயல்பே. பழுது பார்ப்பவர் வரும்வரை பயிர் காத்திராது. ஆயினும், காபரேற்றரைக் கழுவி, பிளக்கைத் துடைத்து, யாவற்றையும் மீண்டும் பூட்டிய பின்னர், வேகத்தைக் குறைத்ததும் எஞ்சின் விக்கி விக்கி ஓடுவதும் நின்றுபோவதும் பலர் கண்ட அனுபவமாகும். அவ்வேளையில் கண்ணிற்பட்ட திருகாணிகளையெல்லாம் திருப்பிப் பார்ப்பது பெருந்தவறு. கழற்றுமுன் இல்லாத குறை பூட்டியபின் தோன்றினால், அதன் காரணம் பெரும்பாலும் கடைசியாகக் கைபட்ட இடத்திலேயே இருக்கும். 2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்ததைக் கண்ட கமக்காரருக்கு, ஒழுங்கற்று ஓடும் எஞ்சின் விரயமாக்கும் எரிபொருளின் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை.

மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினாயின், முதலில் அதனைப் பெற்றோலில் ஓட்டி நன்கு சூடாக்குதல் வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் சரிவர ஆவியாகாது. அப்போது விக்குவது பூட்டியதன் குறையன்று. சூடான பின்னும் குறை நீங்காவிடின், சோக்கைச் சிறிது சிறிதாக மூடிப் பார்க்கவேண்டும். ஓட்டம் சீர்படுமானால், எஞ்சினுக்குக் காற்று மிகுதியாகவும் எரிபொருள் குறைவாகவும் செல்கின்றது என்பது தெளிவாகும். மாறாக, கரும்புகை தள்ளி மேலும் தடுமாறினால் எரிபொருள் மிகுந்துவிட்டது. மிதவையின் ஊசி சரியாக அமராமையோ, காற்று வடிகட்டி அடைபட்டமையோ அதற்குக் காரணமாகலாம்.

காற்று மிகுதியாவதற்குரிய வழிகளுள் முதலில் ஐயுற வேண்டியது காபரேற்றர் எஞ்சினோடு சேரும் மூட்டாகும். பல சிறு எஞ்சின்களில் இவ்விடத்தில் வெப்பத்தைத் தடுக்கும் தடித்த கட்டையொன்றும், அதன் இருபுறமும் மெல்லிய காஸ்கற் தாள்களும் உள்ளன. கழற்றும்போது தாள் கிழிந்திருக்கலாம். துளைகள் பொருந்தாது தலைகீழாக வைக்கப்பட்டிருக்கலாம். மண்ணில் விழுந்து மறக்கப்பட்டிருக்கலாம். ஒரு பக்கத்து ஆணியை முதலில் முழுவதும் இறுக்கிவிட்டு மற்றதை இறுக்குவதாலும் மூட்டு கோணிக் காற்று உட்புகும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது இம்மூட்டைச் சுற்றிச் சவர்க்கார நீரைச் சிறிதளவு தடவினால், கசிவுள்ள இடத்தில் அந்நீர் உறிஞ்சப்பட்டு எஞ்சினின் ஒலி மாறும். இச்சோதனைக்குப் பெற்றோலைத் தெளிப்போரும் உளர். சூடான எஞ்சினில் அது தீயை வரவழைப்பதாகும். கிழிந்த தாளுக்குப் பதிலாகப் பசை பூசி ஒப்பேற்றுவதும் நன்றன்று. பசைத் துணுக்கு பிரிந்து உட்சென்றால் வேறொரு பழுது பிறக்கும்.

மூட்டில் கசிவில்லை; வேகத்தைக் கூட்டினால் எஞ்சின் நன்றாக ஓடுகின்றது; குறைத்தால் மட்டும் நின்றுவிடுகின்றது என்றால், மெது ஓட்டத்துக்குரிய சிறு ஜெற்றில் அடைப்பு எஞ்சியுள்ளது எனக் கொள்ளலாம். அதன் துளை மிக நுண்ணியது. சைக்கிள் பம்பினால் காற்றடித்தே அதனைத் துப்புரவாக்க வேண்டும். ஊசியோ இரும்புக் கம்பியோ செலுத்தினால் பித்தளைத் துளை விரிந்து, பின்னர் எக்காலமும் எரிபொருள் மிகுதியாகவே செல்லும். கலவைத் திருகாணியைக் கழற்றுமுன், அது மெல்ல அமரும்வரை எத்தனை சுற்று உட்செல்கின்றது என எண்ணிக் குறித்து வைத்திருந்தால், அதே அளவில் மீண்டும் அமைப்பது எளிது. அமர்ந்த பின்னும் இறுக்கினால் அதன் கூர்முனை கெட்டுவிடும்.

எஞ்சினின் வேகம் ஊஞ்சல்போல ஒரே கால அளவில் கூடுவதும் குறைவதுமாயிருப்பின், கவர்னரின் மெல்லிய வில்லையும் இணைப்புக் கம்பியையும் பார்க்கவேண்டும். நெம்பில் அடுத்தடுத்துப் பல துளைகள் இருப்பதால், வில்லைப் பிழையான துளையில் மாட்டிவிடுவது எவர்க்கும் நேரக்கூடியதே. கால அளவின்றி இடையிடையே அடி தவறுமாயின் பிளக்கின் தொப்பி முற்றாக அழுந்தியுள்ளதா எனக் காண்க. பிளக்கின் இடைவெளி பெரும்பாலான சிறு பெற்றோல் எஞ்சின்களில் 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர் ஆகும். மிதவைக் கிண்ணத்து எரிபொருளைக் கண்ணாடிப் போத்தலில் வடித்து வைத்தால், அதிற் கலந்த நீர் அடியில் தனியே தங்கும்.

ஒயிலின் அளவையும் பார்த்தல் அவசியம். ஊற்றாமலே அளவு கூடி, மண்ணெண்ணெய் மணம் வீசுமாயின், மிதவையின் ஊசி வழியே எரிபொருள் கசிந்து ஒயிலிற் கலந்துள்ளது. ஊசியைச் சீராக்கி, ஒயிலையும் மாற்றாமல் அவ்வெஞ்சினை இயக்கலாகாது.

இச்சோதனைகள் யாவும் வெட்டவெளியிலேயே நடைபெறவேண்டும். நீர்மட்டம் ஏறத்தாழ 7 மீற்றருக்குக் கீழிறங்கினால் இயந்திரத்தால் நீரை எளிதில் உறிஞ்ச இயலாது. ஆதலால் வரட்சிக் காலத்தில் சிலர் அதனைக் கிணற்றுக்குள்ளேயே இறக்கி இயக்குகின்றனர். எஞ்சின் புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமில்லை, மணமுமில்லை. எரிபொருள் மிகுந்து ஓடும் எஞ்சினில் அது இன்னும் அதிகமாகும். கிணற்றுள் தேங்கிய அவ்வாயுவால் ஒருவர் மயங்கி வீழ, அவரைத் தூக்க இறங்கியவரும் உயிரிழக்க நேரிடும். எக்காரணம் கொண்டும் எஞ்சினைக் கிணற்றுள் இறக்கி ஓட்டலாகாது.

மேற்கூறிய யாவற்றையும் பார்த்த பின்னும் ஓட்டம் சீர்படாவிடின், வால்வின் இடைவெளியோ சிலிண்டரின் அமுக்கமோ கெட்டிருக்கலாம். இவை கருவியும் பயிற்சியும் வேண்டும் வேலைகளாதலின், இயந்திரத்தைப் பழுது பார்ப்பவரிடம் கொண்டு செல்வதே தக்கது. அப்போது கழற்றிய பழைய காஸ்கற் தாளையும் பிளக்கையும் உடன் எடுத்துச் சென்று, எவ்வெவற்றில் கைவைக்கப்பட்டது என்பதை ஒளியாது கூறினால் அவருடைய வேலையும் அதற்கான கூலியும் குறையும்.